பத்துப் பவுண்ஸ் போனஸ்

ஒவ்வொரு டிசம்பரிலும் என் வங்கிக் கணக்கில் பத்துப் பவுண்ஸ் வந்து விழும். கணக்குத்தாளில் 'டிடபிள்யூபி எக்ஸ்பி' என்று இருக்கும். முதல் தடவை யாரோ மாறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, திருப்பிக் கேட்பார்களோ என்ற பயத்தில் கொஞ்ச நாள் தொடாமலே வைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது அரசாங்கம் தரும் நத்தார் போனஸ். 1972இல் பத்துப் பவுண்ஸ் என்று தொடங்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் அதே பத்துப் பவுண்ஸ்தான். இங்கே லண்டன் ஹரோவில் ஒரு கொத்து ரொட்டி சாப்பிடலாம். கூட ஒரு தேத்தண்ணி வேண்டுமென்றால் கையில் இருந்து போட வேண்டும்.

இந்தக் காசு எனக்கு வருவதற்குக் காரணம், நான் அம்மாவைப் பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு, சம்பளம் இல்லாமல். இந்த நாட்டு அரசாங்கத்தின் பாஷையில் நான் ஒரு 'கேரர்'. எங்கள் ஆட்களின் பாஷையில் அதற்குச் சொல்லே கிடையாது. போன வருசம் ஒரு கல்யாண வீட்டில் பழைய சிநேகிதி ஒருத்தி கேட்டாள்.

"இப்ப எங்கை வேலை?"

"வேலையை விட்டிட்டன். அம்மாவோட நிக்கிறன்."

"ஓ, அப்ப சும்மாதான் நிக்கிறாய்."

அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பந்தி தொடங்கிவிட்டது, இருவரும் சாப்பிடப் போய்விட்டோம். அந்தச் 'சும்மா'வை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது 2021 ஒக்டோபரில். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, கை திரும்பவில்லை. நான் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் இருந்தேன். விடுமுறை எல்லாம் முடிந்து, சம்பளமில்லா லீவும் முடிந்து, 2022 மார்ச்சில் வேலையை விட்டேன். ஆஸ்பத்திரியால் அம்மாவை அனுப்பும்போது மருந்துப் பட்டியல் தந்தார்கள், கைப்பிடி வைத்த கொமோட் தந்தார்கள், உடற்பயிற்சிப் படங்கள் போட்ட தாள் தந்தார்கள். காசைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவைப் பார்ப்பதற்குக் கேட்பதா?

2023 பெப்ரவரியில் கோயிலில்தான் விசயம் தெரிய வந்தது. சனிக்கிழமைகளில் மண்டபத்தின் மூலையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, வருகிற சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஓர் அண்ணை இருக்கிறார். நான் போனது அம்மாவின் பாஸ்போர்ட் புதுப்பிக்க. அவர் அம்மாவின் பிறந்த திகதியைப் பார்த்தார், நான் சொன்ன கதையைக் கேட்டார், பேனையைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, அம்மாவுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் வருதோ?"

"அது என்ன?"

அவர் நெற்றியில் கையை வைத்தார்.

இந்த முறையில் ஒரு சங்கிலி இருக்கிறது. அது புரியாமல்தான் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். பராமரிக்கிறவருக்கு நேரே காசு கிடைக்காது. முதலில் பராமரிக்கப்படுகிறவருக்கு ஒரு கொடுப்பனவு உறுதியாக வேண்டும். ஓய்வூதிய வயது தாண்டியவர் என்றால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ். வயது குறைந்தவர் என்றால் பிப் (பேர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமெண்ட்), அதிலும் அன்றாட வாழ்வுக்கான பகுதி. பிள்ளைகளுக்கு டிஎல்ஏ (டிஸெபிலிட்டி லிவிங் அலவன்ஸ்), அதிலும் பராமரிப்புப் பகுதி, நடு விகிதம் அல்லது மேல் விகிதம். அது கையில் வந்த பிறகுதான் பராமரிக்கிறவர் தன் பெயரில் கேரர்ஸ் அலவன்ஸுக்குப் போடலாம். ஸ்கொட்லாந்தில் பெயர்கள் வேறு, அங்கே 2023 நவம்பரில் கேரர் சப்போர்ட் பேமெண்ட் என்று தொடங்கி, ஒரு வருசத்தில் நாடு முழுக்கக் கொண்டுவந்துவிட்டார்கள். சங்கிலி அதே சங்கிலிதான்.

அட்டென்டன்ஸ் அலவன்ஸ் படிவம் ஒரு தடித்த புத்தகம். அதை அம்மாவின் கட்டிலடியில் இருந்துதான் நிரப்பினேன். நிரப்பாமலே விட்டிருக்கலாம் என்று தோன்றிய இரண்டு பின்னேரங்கள் அவை. கழுவிக்கொள்ள உதவி தேவையா என்று ஒரு கேள்வி. நான் வாய்விட்டு வாசித்தேன்.

"நான் தானே குளிக்கிறனான். அப்பிடியே எழுது," என்றார் அம்மா.

அவர் குளிப்பது எப்படியென்றால், நான் உடுப்பைக் கழற்றி, பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, தண்ணீரின் சூடு பார்த்து, தலையிலிருந்து கால்வரை ஊற்றி, முதுகு தேய்த்து, துடைத்து, சட்டையின் ஐந்து பொத்தான்களையும் போட்டுவிடுவேன். அவர் இடது கையால் நெஞ்சில் சோப் போடுவார். அந்தச் சோப்தான் அவருக்குக் குளிப்பு. அதை 'இல்லை, இயலாது' என்று அவர் முன்னாலேயே எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை மேய்த்த ரீச்சர் அவர்.

கோயில் அண்ணையிடம் இதைச் சொன்னேன். "அம்மாவுக்குச் சொல்லுங்கோ, இது சோதினை இல்லை. இதிலை பாஸ் பண்ணினா காசு வராது," என்றார்.

அவர் என் படிவத்தில் இரண்டு பக்கத்தை அப்படியே வெட்டினார். சமைப்பது, வீடு கூட்டுவது, கடைக்குப் போவது என்று எழுதித் தள்ளியிருந்தேன். அதெல்லாம் கணக்கில் எடுக்கமாட்டார்கள். புட்டு அவிப்பது வீட்டு வேலை. அவித்த புட்டைக் கறியில் குழைத்து அம்மாவின் வாயில் ஊட்டுவது பராமரிப்பு. உடம்போடு சம்பந்தப்பட்டதும், ஆபத்து வராமல் பக்கத்தில் நின்று பார்ப்பதும்தான் அவர்களுக்கு வேண்டும். பகலில் மட்டும், அல்லது இரவில் மட்டும் உதவி தேவை என்றால் கீழ் விகிதம். பகலும் இரவும் தேவை என்றால் மேல் விகிதம். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்குக் கிழமைக்கு 73.90 பவுண்ஸ், 110.40 பவுண்ஸ். வருமானம், சேமிப்பு ஒன்றும் பார்ப்பதில்லை. சொந்த வீடு இருந்தாலும் கிடைக்கும்.

"இரவிலை எத்தினை தரம் எழும்புறீங்கள்?" என்று அண்ணை கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு கிழமை எழுதி வைக்கச் சொன்னார். சாமியறையில் இருந்த சின்னப் பித்தளை மணி அப்போதிருந்தே அம்மாவின் தலைமாட்டில்தான் இருக்கிறது. அது கிலுங்கும்போதெல்லாம் கோயில் கலண்டரின் பின்பக்கத்தில் நேரத்தைக் கிறுக்கினேன். புதன் 1.20, சலம். 3.45, கால் இழுப்பு. 5.10, தண்ணீர். ஏழாம் நாள் கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது தடவை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஏன் பகலெல்லாம் தலை சுற்றுகிறது என்பதற்குக் கையில் ஒரு காரணம் இருந்தது.

மே மாதம் கடிதம் வந்தது. மேல் விகிதம். அதை வைத்து ஜூனில் என் பெயருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் போட்டேன். அம்மாவின் முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் போட்டால், அம்மாவுக்குத் தொடங்கிய நாளிலிருந்தே உங்களுக்கும் பின்தேதியிட்டுத் தருவார்கள். அதைத் தவற விட்டால் மூன்று மாதத்துக்கு மேல் பின்னால் போகமாட்டார்கள். ஆனால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் ஒரு நாள்கூடப் பின்னால் போகாது. படிவம் கேட்ட நாளிலிருந்துதான். நோய் வந்து ஆறு மாதம் கழிய வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 2022 ஏப்ரலிலேயே கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்டது அடுத்த பெப்ரவரியில். அந்த வருச விகிதத்தில் அம்மாவுக்கு 92.40, எனக்கு 69.70. நாற்பத்து மூன்று கிழமை. கணக்குப் பகுதியில் வேலை செய்தவள் என்பதால் பெருக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஏறத்தாழ ஏழாயிரம் பவுண்ஸ்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவுக்குச் சொன்னேன். "அம்மாவைப் பாக்கிறதுக்குக் கவுண்மேந்திட்ட காசோ? சனம் என்ன சொல்லும்?" என்றார். சனம் ஒன்றும் சொல்லாது அண்ணா, சனத்துக்கும் தெரியாது என்றேன். அவர் ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் வீடியோவில் வந்து அம்மாவைப் பார்த்துக் கண் கலங்குகிறவர். குறை சொல்லவில்லை. ஆனால் கண் கலங்குவதற்குக் கிழமைக்கு முப்பத்தைந்து மணித்தியாலம் தேவைப்படாது.

அந்த முப்பத்தைந்துதான் கேரர்ஸ் அலவன்ஸின் மூலக்கணக்கு. கிழமைக்குக் குறைந்தது 35 மணித்தியாலம் பார்க்க வேண்டும். கழுவுவது மட்டுமல்ல, மருந்து வாங்கப் போவது, டொக்டரோடு போனில் காத்திருப்பது, விழுந்துவிடாமல் பக்கத்தில் இருப்பது எல்லாம் சேரும். வயது 16 ஆகியிருக்க வேண்டும், கிழமைக்கு 21 மணித்தியாலமோ அதற்கு மேலோ படிக்கக்கூடாது. கணவர் என்ன உழைக்கிறார் என்று பார்ப்பதில்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல். ஒருவரை இருவர் மாறி மாறிப் பார்த்தாலும் ஒருவருக்குத்தான் காசு. நீங்கள் தாய் தகப்பன் இருவரையும் பார்த்தாலும் ஒரு தொகைதான். 2025 ஏப்ரலில் அந்தத் தொகை கிழமைக்கு 83.30 பவுண்ஸ் ஆனது. 35ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 2.38. அதே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 12.21 ஆனது. பத்தொன்பது தடவை எழும்பியதை இதில் சேர்க்கவில்லை.

விசாவோடு வந்து நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொது நிதி பெற முடியாது என்று விசாவில் இருந்தால் கையே வைக்கக் கூடாது. வயதான பெற்றோரை ஸ்பொன்சர் பண்ணி எடுத்த பிள்ளைகள் ஐந்து வருசம் தாங்களே பார்ப்பதாகக் கையெழுத்து வைத்திருப்பார்கள். அப்படியானவர்கள் முதலில் ஆலோசனை கேளுங்கள். எங்கள் அம்மா 1990களில் வந்து, நெடுங்காலமாகப் பிரித்தானியக் குடியுரிமையோடு இருப்பவர்.

இந்தக் காசு எப்படி வந்தது என்று தேடி வாசித்தபோது ஒரு பெண்ணின் பெயர் கிடைத்தது. மேரி வெப்ஸ்டர், தேவாலயப் போதகராக இருந்தவர். 1954இல், 31 வயதில், பெற்றோரைப் பார்க்க வேலையை விட்டார். 1963இல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார், வயதான பெற்றோரோடு வீட்டில் அடைந்து கிடக்கும் கல்யாணமாகாத பெண்களின் நிலையைச் சொல்லி. என்னைப் போலத்தான், என்னைப் போலத்தான் என்று நாடெங்கும் இருந்து பெண்கள் பதில் எழுதினார்கள். அதிலிருந்து 1965இல் ஓர் அமைப்பு பிறந்தது. பராமரிப்பவர்களுக்காக இன்று இயங்கும் கேரர்ஸ் யூகேயின் வேர் அதுதான். 1976இல் இன்வாலிட் கேர் அலவன்ஸ் என்ற பெயரில் கொடுப்பனவு வந்தது.

ஆனால் கல்யாணம் செய்த பெண்களுக்கு இல்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப் போகிறார்கள் என்பது நியாயம். கல்யாண வீட்டுச் 'சும்மா' லண்டன் பாராளுமன்றத்திலும் இருந்திருக்கிறது! ஜாக்குலின் டிரேக் என்ற பெண், 1984இல் கடும் இயலாமையோடு இருந்த தாய் தன் வீட்டுக்கு வந்ததும் வேலையை விட்டவர், இதை விடவில்லை. வழக்கு லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986 ஜூன் 24ஆம் திகதி அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்த அரசாங்கம் முதல்நாளே கல்யாணமான பெண்களுக்கும் தருகிறோம் என்று அறிவித்துவிட்டது. கேரர்ஸ் அலவன்ஸ் என்று பெயர் மாறியது 2003இல்தான். நான் கல்யாணமானவள். அந்தப் பெண் விட்டுக்கொடுத்திருந்தால் எனக்கு இந்த 83.30 வர எத்தனை வருசம் பிந்தியிருக்குமோ.

கொஞ்சம் வேலை செய்தால் என்ன என்று நினைப்பவர்கள் கவனமாக இருங்கள். வரியும் மற்றதும் கழித்து கிழமைக்கு 196 பவுண்ஸ் வரை உழைக்கலாம், இதுவும் 2025 ஏப்ரல் கணக்கு, அதற்கு முதல் 151தான். 196ஐ ஒரு பவுண்ஸ் தாண்டினால் ஒரு பவுண்ஸைக் கழிக்கமாட்டார்கள், அந்தக் கிழமையின் 83.30 முழுவதும் போய்விடும். படிக்கட்டு இல்லை, கிணறுதான். சம்பளம் கிழமைக்குக் கிழமை ஏறி இறங்கும் வேலைகளில் இருந்த எத்தனையோ பேர் தெரியாமல் தாண்டி, வருசக்கணக்காக மொத்தத்தையும் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வாங்கினார்கள். 2024இல் பத்திரிகைகள் இதைக் கிளப்ப, லிஸ் செய்ஸ் தலைமையில் ஒரு சுயாதீன மீளாய்வு வைத்தார்கள். 2025 நவம்பரில் அறிக்கை வந்தது. ஏறி இறங்கும் சம்பளத்துக்குச் சராசரி பார்க்கும் வழிகாட்டலே பல வருசம் சரியில்லை என்று அதில் வெளியே வந்தது. இதை வாசித்த பிறகு, சனிக்கிழமை ரியூஷன் கொடுக்கலாம் என்று இருந்த யோசனையை நான் தள்ளி வைத்தேன். சட்டம் தடுக்கவில்லை, பயம் தடுத்தது.

எனக்குத் தெரிந்த இன்னொருத்தி தனியாகப் பிள்ளையை வளர்க்கிறாள், குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் தரும் யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கிறாள். அவளுக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் வந்தால் அதே தொகையை யூனிவர்சல் கிரெடிட்டில் சதம் பிசகாமல் கழித்துவிடுவார்கள். இந்தக் கையால் தந்து அந்தக் கையால் எடுப்பது. ஆனால் 'கேரர் எலிமென்ட்' என்று, 2025-26 கணக்கில் மாதம் 201.68 பவுண்ஸ், தனியாகச் சேரும். அதற்குக் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்திருக்க வேண்டும் என்றில்லை. அதோடு வேலை தேடு, தேடு என்று கூப்பிட்டுக் கரைச்சல் கொடுக்கவும்மாட்டார்கள். அவள் இரண்டு வருசமாக அந்த ஒரு பெட்டியில் புள்ளடி போடாமலே இருந்திருக்கிறாள்.

எடுக்காமல் இருப்பதே நல்லது என்ற இடமும் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு மாமா தனியாக இருக்கிறார், வருமானம் குறைந்த வயதானவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டில். தனியாக இருக்கும் கடும் இயலாமைக்காரர் என்று அதில், 2025-26 கணக்கில், கிழமைக்கு 82.90 மேலதிகமாக வந்தது. மகள் அவரைப் பார்ப்பதற்குக் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் அந்த 82.90 நின்றுவிடும். மகளுக்கு வந்திருக்கக்கூடியது 83.30. முழுக் குடும்பத்துக்கும் லாபம் நாற்பது பென்ஸ். நல்லவேளை, மகள் படிவம் போட முதல் கேட்டாள்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் இருக்கிறது. மனைவியைப் பார்க்கும் எழுபது வயதுக்காரருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் பெரும்பாலும் கையில் வராது, ஏனென்றால் ஸ்டேட் பென்ஷனே அதைவிடக் கூட. ஆனாலும் போட வேண்டும். 'உமக்குத் தகுதி உண்டு, ஆனால் தரமாட்டோம்' என்று ஒரு கடிதம் வரும். அந்த 'தரமாட்டோம்' கடிதத்தைப் பென்ஷன் கிரெடிட்காரரிடம் காட்டினால், 2025-26 விகிதத்தில், கிழமைக்கு 46.40 கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். இல்லை என்ற பதிலை வாங்குவதற்காக விண்ணப்பிக்கச் சொல்லி வயதுபோனவர்களுக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள்.

எனக்கு 83.30ஐவிடப் பெரிதாகத் தெரிந்தது நேஷனல் இன்சூரன்ஸ் பதிவு. ஸ்டேட் பென்ஷன் ஏதாவது கிடைக்க 10 வருசப் பதிவு வேண்டும், முழுதாகக் கிடைக்க 35. கேரர்ஸ் அலவன்ஸ் வரும் ஒவ்வொரு கிழமையும் அதில் ஒரு கிரெடிட் விழுகிறது. 2025-26 ஆண்டுக்கு முழு பென்ஷன் கிழமைக்கு 230.25 என்றால், ஒரு வருசப் பதிவின் பெறுமதி கிழமைக்குச் சுமார் 6.58, அதுவும் உயிரோடு இருக்கும் வரைக்கும். எங்கள் பெண்கள் பலர் இங்கே வந்து சேர்ந்ததே பிந்தி. இருபது வருசத்தில் நாலு வருசம் துளை விழுந்தால் எழுபது வயதில் தெரியும். எனக்கு அப்படி ஒரு துளை இருந்தது, 2022-23, ஏழாயிரம் பவுண்ஸ் போன அதே வருசம். அதை அடைக்க 'கேரர்ஸ் கிரெடிட்' என்று வேறொரு படிவம் இருக்கிறது, காசு தராது, பதிவு மட்டும். கிழமைக்கு 20 மணித்தியாலம் பார்த்தால் போதும். பார்க்கப்பட்டவருக்கு அப்போது கொடுப்பனவு இல்லை என்றால் டொக்டரோ தாதியோ கையெழுத்து வைத்தால் சரி. அடுத்த வரி ஆண்டு முடிய முதல் போட வேண்டும். எங்கள் டொக்டர் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வைத்தார். இணையத்தில் என் பதிவைத் திறந்தால் இப்போது அந்த வருசத்துக்கு நேரே 'முழு ஆண்டு' என்று இருக்கிறது. எப்போதாவது நடுச்சாமத்தில் நித்திரை குழம்பினால் போய்ப் பார்ப்பேன்.

இந்த ஜனவரியில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் 28 நாள் தாண்டினால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் நிற்கும், அதோடு என்னுடையதும் நிற்கும். வீட்டுக்கு வந்து 28 நாளுக்குள் திரும்பப் போனால் பழைய நாட்களும் சேரும். ஆள் இறந்துவிட்டால் எட்டுக் கிழமை வரை பராமரித்தவருக்குத் தருவார்கள். இதெல்லாம் எனக்குப் பாடம். பாடமாக இருப்பதுதான் பிரச்சினை. அம்மாவுக்கு ஒட்சிசன் போட்டிருக்கிறது, நான் வீட்டுக்கு வந்து கலண்டரில் புள்ளடி போடுகிறேன். எட்டாம் நாள் என் கணவர் பார்த்துவிட்டார்.

"என்ன எண்ணுறீர்?"

"நாள்."

"ஏன்?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் நான் புள்ளடி போடவில்லை, ஆனால் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இருபத்து மூன்றாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். கட்டிலில் சாய்த்ததும் முதலில் தேடியது மணியை. நான் அதைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். இடது கையால் ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலைமாட்டில் வைத்தார்.

அன்றிரவு 1.40க்குக் கிலுங்கியது.